நிற்கக் கூடாத மாடி

விடுதியின் சலவைத் தளத்தில் பேச்சைக் கண்ணால்தான் கேட்க வேண்டும். தரைக்குக் கீழே இருந்த அந்த நீண்ட கூடத்தில், ஆள் உயரத்துக்குத் துவைக்கும் எந்திரங்கள் ஆறு, பிழியும் எந்திரங்கள் மூன்று, படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் நீராவி உருளை ஒன்று. காலை ஆறு மணிக்கு எல்லாம் ஓடத் தொடங்கினால் காதருகே வந்து கத்தினாலும் விளங்காது. அதனால் அங்கே வேலை செய்த பெண்கள் வாயை அகலத் திறந்து, ஒவ்வோர் எழுத்தையும் உதட்டில் வைத்துக் காட்டிப் பேசப் பழகியிருந்தார்கள். 'தண்... ணீர்...' என்று இழுத்துக் காட்டினால் உருளைக்கு அந்தப் பக்கம் விரிப்பை வாங்கி மடிப்பவளுக்குப் புரியும். ஓர் எழுத்தை விழுங்கினாலும் எதிரே நிற்பவள் கையை விரித்துவிடுவாள். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு முதல் ஒரு மாதம் வாய்தான் வலிக்கும், தோள் அப்புறம்தான்.

பதினேழு வருஷம் அப்படிப் பேசியவளுக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. சத்தமும் இறங்கவில்லை. அவள் புருஷன் அதே விடுதியில் லிஃப்ட் ஓட்டியவர். அவளுக்கு வெண்கலம் என்று பெயர் வைத்ததும் அவர்தான். "எட்டாவது மாடியில கதவச் சாத்திட்டு நின்னாலும் கீழ இவ பேசுறது எனக்குக் கேக்கும்" என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெயரும் லிஃப்டோடு ஏறி இறங்கி விடுதி முழுக்கப் பரவிவிட்டது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு திங்கட்கிழமை, மேலிருந்து அழுக்குத் துணி வந்து விழும் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாதக் கடைசியோடு சலவைத் தளத்தை மூடுகிறார்கள். துணியெல்லாம் இனி லாரியில் ஏறி வெளியே எங்கோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்த் துவைத்து வரும். இருபத்திரண்டு பெண்களில் இரண்டு பேருக்கு மட்டும் மேலே தொலைபேசி மேசையில் இடம் உண்டு. விருந்தினர் அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டு விசாரிக்கிற வேலை. அதற்கு ஒரு தாள் கொடுப்பார்கள். பத்து வாக்கியம், பத்தும் ஆங்கிலம். பயிற்சி மேடம் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்குப் போனால் வேலை போகும். வெண்கலத்துக்கு அதோடு, ஊழியர் குடும்பத்துக்கு விடுதி தரும் மருத்துவ அட்டையும் போகும். அந்த அட்டையைக் காட்டினால்தான் வாரம் இரண்டு தரம் ஆக்ஸிஜன் சிலிண்டர் வீட்டு வாசலில் வந்து இறங்கும். லிஃப்ட்காரர் ஏழு மாதமாக அந்த சிலிண்டரில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நுரையீரல் வெயிலில் போட்ட தோல் மாதிரி சுருங்கிக்கொண்டு வந்தது. இனி அது விரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் முறை வாசிக்கக் கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடியில் கம்பளம் விரித்த ஒரு சின்ன அறை. அவள் ஈரச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனாள். அந்த அறையில் எந்த எந்திரமும் ஓடவில்லை. அவளுடைய மூச்சே அவளுக்குக் கேட்டது. பயிற்சி மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. தாளை நீட்டி, "பயப்படாம வாசிங்கம்மா" என்றாள்.

வெண்கலம் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி எதையும் வாசித்துவிடுவாள். ஒன்பது வாக்கியத்தை ஒப்பேற்றிவிட்டாள். பத்தாவது வாக்கியம், வசதியாக இருக்கிறீர்களா என்று கேட்பது.

"ஆர் யூ கம்... ஃபோர்ட்... டே... பிள்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த மேசைய வெளிய வச்சிட்டு வாங்க. அந்த வார்த்தையில டேபிளே கிடையாது. கம்ஃப்டபிள்."

"கம்ஃபோர்ட்டேபிள்."

"ஃபோர்ட்டும் கிடையாதும்மா, கோட்டையெல்லாம் கட்ட வேணாம்."

"எழுதியிருக்கே மேடம்."

"எழுதியிருக்கறத எல்லாம் சொல்லக்கூடாது."

"எழுதியிருக்கறத விட்டுட்டு வேற எதச் சொல்றது?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள். "உங்க குரல் நல்லாருக்கு. கணீர்னு இருக்கு. மத்ததெல்லாம் நான் சரிக்கட்டிருவேன். ஆனா இந்தக் கேள்விய ஒரு நாளைக்கு நாப்பது தடவ கேக்கணும். எல்லாரும் தப்பா சொல்ற வார்த்தைதான், இல்லேங்கல. ஆனா மேல இருக்கறவங்க மொதல்ல இதத்தான் காது கொடுத்துக் கேப்பாங்க. வெள்ளிக்கிழமை காலையில வாங்க. அன்னிக்கு மத்தியானம் நான் ரெண்டு பேர எழுதிக் கொடுத்துடணும்."

கீழே வந்ததும் உருளையின் ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் இஸ்திரி அக்காவுமாக விரிப்புகளைத் தள்ளி வாங்கினார்கள். இஸ்திரி அக்காவுக்கு முன்பல் இரண்டு இல்லை. ஆனாலும் தளத்தில் அவள் உதட்டைப் போலத் தெளிவான உதடு வேறு யாருக்கும் கிடையாது.

"என்னாச்சு?" என்று உதட்டால் கேட்டாள்.

"பாதி எழுத்த முழுங்கணுமாம்."

"எதுக்கு?"

"அதுதான் சரியாம்."

இஸ்திரி அக்கா விரிப்பின் நுனியை உதறிவிட்டு வாயை அகலத் திறந்து காட்டினாள். "அவங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு கெடைக்குது. அப்பயும் எழுத்த வேற முழுங்குறாளுங்களா?"

வெண்கலம் சிரிக்கவில்லை. அக்கா கையை ஆட்டி அவளைத் தன் பக்கம் பார்க்கவைத்தாள். "நான் வாசிக்கப் போகல. இந்தப் பல்ல வச்சிக்கிட்டு 'ஃப்'னு சொன்னா மேடத்துக்குக் குளிக்கவே வேணாம். நீ விடாத. உனக்கு இது வெறும் வேலைக்காக இல்ல, தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப முழுங்கு."

வீடு என்பது ஒரு பழைய பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை. மழைக்கு முன்னறைச் சுவர் கால்வாசி உயரம்வரை ஈரம் ஏறியிருந்தது. உள்ளறையில் ஜன்னலோரம் இரும்புக் கட்டில். தலைமாட்டில் சிலிண்டர், அதன் கழுத்தில் தண்ணீர் பாட்டில். காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழி விட்டுத்தான் குழாய்க்குப் போகும். அந்தக் குளுகுளு சத்தம் இருக்கிறவரை வீட்டில் பயமில்லை. லிஃப்ட்காரர் மூன்று தலையணையில் சாய்ந்து, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு அடைக்கும்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா. வெண்கலத்துக்கு நாத்தனார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, மாஸ்கைத் தூக்கி ஒரு கரண்டி, மாஸ்கை இறக்கி நாலு மூச்சு, மறுபடி தூக்கி ஒரு கரண்டி என்று ஊட்டுவாள். ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

விஷயத்தைக் கேட்டதும் லிஃப்ட்காரர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மாஸ்கைத் தானே தூக்கினார்.

"சொல்லு... பாப்போம்."

"கம்ஃபோர்ட்டேபிள்."

தலையில் அடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் லிஃப்டுக்குள் நின்றவர். எந்தெந்த நாட்டுக்காரனோ ஏறி, தன் முதுகுக்குப் பின்னால் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு, எழுதப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தை வாயில் மட்டும் வைத்திருந்தவர். மேனேஜரே ஒரு தரம் அவரிடம் ஒரு பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டு போனதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் மாதிரி நெனச்சுக்கோ." மாஸ்கை வைத்து இரண்டு மூச்சு இழுத்தார். "கம்... அது கீழ்த்தளம். அங்க கதவ மூடுற." மூச்சு. "நடுவுல ஒரு மாடி இருக்கு. எழுதித்தான் வச்சிருக்கான். நிக்கக் கூடாது. தாண்டிப் போ." மூச்சு. "நேரா... டபிள்."

"கம்... ஃபோ..."

"நிக்காத!"

"கம்ஃபோட்..."

"நின்னுட்ட. கதவயும் தொறந்துட்ட. யாரு ஏறப்போறா... அங்க?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பதினேழு வருஷமாக எந்த மாடியிலும் நிற்காமல் போகாத வாய் அது. அவர் மறுபடி மாஸ்கைத் தூக்கினார். இருமல் பிடித்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்தது. நாத்தனார் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்து மாஸ்கை அழுத்திப் பிடித்தாள்.

"ஏம்மா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? ஒரு வாய் பால் முழுங்க முடியாம கெடக்கான். அவனப் போய் பாடம் நடத்தச் சொல்றியா?"

"நானா அண்ணி சொன்னேன்?"

"வேற யாரு சொன்னது? வேற யார்கிட்டயாவது போய்க் கேளேன். அந்த மேடம்கிட்டயே கேளேன்."

"மேடம் ஒரு தரம் சொல்லுவாங்க, ரெண்டு தரம் சொல்லுவாங்க. இது எனக்கு நூறு தரம் சொல்லிக் கொடுத்தாத்தான் வரும். எனக்கு வேற யாரு இருக்கா?"

"நூறு தரமா? அவன்கிட்ட நூறு மூச்சு இருக்கான்னு எண்ணிப் பாத்தியா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா சிலிண்டரே வராது அண்ணி. அதயும் எண்ணிப் பாத்துட்டேன்."

நாத்தனார் தம்பியின் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றாள். அவர் மாஸ்கைக் கழற்றாமலே ஒரு விரலைத் தூக்கினார். இன்னொரு தரம் என்று அர்த்தம்.

புதன்கிழமை மழை நிற்கவே இல்லை. பட்டறையில் வேலை நடக்காததால் சுற்றுப்புறம் அமைதியாக இருந்தது. அவள் வேலை முடிந்து வந்து, நனைந்த தலையைத் துவட்டாமலே கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அன்று அவருக்கு ஒரு மூச்சுக்கு ஒரு எழுத்துதான் வந்தது. கம் என்று ஒரு மூச்சு. ஃப் என்று ஒரு மூச்சு. ட என்று ஒரு மூச்சு. ஓடி முடிக்க வேண்டிய சொல் அவர் வாயிலேயே மாடிக்கு மாடி நின்று நின்று வந்தது. சரியாகச் சொல்லத் தெரிந்த மனுஷனுக்கே அதைச் சொல்ல மூச்சு போதவில்லை.

அது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விடுங்க" என்றாள் அவள். "இதுவரைக்கும் சொன்னதே போதும். நான் பாத்துக்கறேன்."

"சொல்லு."

"கம்ஃபோட்டபிள்."

"மேசை... போயிருச்சு" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "கோட்டைதான்... பாக்கி."

அன்று சிலிண்டர் கொண்டுவந்த ஆள், பழைய சிலிண்டரின் முள் எப்போதையும்விடக் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்து, "ரொம்ப இழுக்குறாரே, ஏன்?" என்று கேட்டான். வெண்கலம் பழைய சிலிண்டரை வாசல்வரை உருட்டிக் கொடுத்தாள். நாத்தனார் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் வெண்கலத்துக்குத் திட்டுவதைவிட வலித்தது.

வியாழக்கிழமை அவருக்குக் குரல் போய்விட்டது. தொண்டையிலிருந்து முனகல்கூட வரவில்லை. டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, பேச வைக்க வேண்டாம், ஓய்வு கொடுங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா என்று கேட்டதற்கு, "அங்கேயும் இதே சிலிண்டர்தாம்மா" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் நாத்தனார் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் வெண்கலத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். மாஸ்கைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"வேணாங்க."

அவரே தூக்கினார். உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லை. மாஸ்க் இறங்கியது. நாலு மூச்சு. மறுபடி தூக்கினார், மறுபடி அதே அசைவு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று நாளாக அவள் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதைத் தன் வாயில் போட்டு, தன் பழக்கத்துக்கு இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். உதட்டை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்வதுதானே அவள் பிழைப்பு? அவர் முகத்துக்கு எதிரே குனிந்து, உருளைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

உதடு மூடியது. கீழுதட்டில் பல் பட்டது. வாய் கொஞ்சம் திறந்தது. உதடு மூடியது. அவ்வளவுதான். எங்கேயும் உதடு குவியவில்லை. அவள் சொல்லும்போது மட்டும் நடுவில் ஊதுவதுபோல் உதடு குவிந்துகொண்டிருந்தது. அந்த மாடி அதுதான்.

அவள் சத்தமில்லாமல் தன் உதட்டால் திருப்பிச் செய்தாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலையை ஆட்டி, இன்னும் வேகம் என்று விரலைச் சுண்டினார். அவள் மறுபடி செய்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வாய் பேசாமல், எத்தனை தரம் என்று இல்லாமல் செய்தார்கள். குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. பாத்திரம் கழுவிவிட்டு வந்த நாத்தனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை.

கடைசியில் வெண்கலம் அதற்குக் குரலைக் கொடுத்தாள்.

"கம்ஃப்டபிள்."

லிஃப்ட்காரர் வலது கைக் கட்டைவிரலால் ஜன்னலுக்கு மேலே காட்டினார். போகலாம், மேலே போகலாம் என்று.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய கால் வீங்கியிருந்தது. போவதா வேண்டாமா என்று வாசலில் நின்று தடுமாறியவளை நாத்தனார்தான் தள்ளினாள். "போம்மா. நீ இங்க நின்னு என்ன பண்ணப் போற? நான் இருக்கேன்ல."

மூன்றாவது மாடி அறையில் அவளுக்கு முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அவள் முறை வந்தது. ஒன்பது வாக்கியம் எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. பத்தாவது வந்ததும் முதலில் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லுங்கம்மா" என்றாள் மேடம்.

"ஆர் யூ கம்ஃப்டபிள்?"

மேடம் நிமிர்ந்து பார்த்தாள். "எங்க போய்க் கத்துக்கிட்டீங்க? எனக்கே இவ்ளோ அழகா வராது."

மத்தியானம் பெயர் வந்துவிட்டது. அட்டை தொடரும் என்று அலுவலகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கீழே இஸ்திரி அக்கா உருளைக்குப் பின்னாலிருந்து பார்த்து, "முழுங்கிட்டியா?" என்று உதட்டால் கேட்டாள். வெண்கலம் தலையாட்டினாள். அக்கா இரண்டு கையாலும் விரிப்பின் முனையைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேய்த்த விரிப்பு அழுக்காகிவிட்டதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இன்னும் எட்டு நாளில் அவளுக்கு அந்த வேலை இருக்காது.

வீட்டுக்கு வரும்போது மழை விட்டிருந்தது. வெண்கலம் வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். "அண்ணி, கெடச்சிருச்சு. அட்டையும் இருக்கு." நாத்தனார் கூரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, "அவன்கிட்டச் சொல்லு, காலையிலேருந்து வாசலையே பாத்துட்டுக் கெடக்கான்" என்றாள்.

அவர் முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. அவளைப் பார்த்ததும் மாஸ்கை விலக்கினார். 'சொல்லு' என்றது உதடு.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, தொலைபேசி மேசையில் உட்கார்ந்திருப்பதுபோல் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். முழு வாக்கியத்தையும் சொன்னாள்.

"ஆர் யூ கம்ஃப்டபிள்?"

அவர் அவளையே பார்த்தார். தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார்.

"ஏங்க? சரியாத்தானே சொல்றேன்? மேடமே அழகா இருக்குன்னாங்களே. கம்ஃப்டபிள். நடுவுல நிக்கலையே?"

சரி என்பதுபோல் தலை ஆடியது. சொல்லில் குற்றமில்லை. பிறகு உதடு அசைந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

'இல்ல.'

அப்புறமும் அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அவர் கேள்விக்குப் பதில் சொல்கிறார். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லை அவர்கள் இரண்டு பேரும் எத்தனை நூறு தரம் சொல்லியிருப்பார்கள். அதைப் பிய்த்து, ஒட்டி, வேகமாகவும் மெதுவாகவும், குரலோடும் குரலில்லாமலும் சொல்லியிருந்தார்கள். ஒரு தரமாவது அவள் அதை அவரிடம் கேட்கவில்லை.

பத்து வாக்கியம் உள்ள தாளில், இல்லை என்று ஒருவர் சொன்னால் அடுத்து என்ன சொல்வது என்று இல்லை.

அவள் எழுந்து தலையணையை உயர்த்தினாள். "இப்போ?" அவர் தலையாட்டினார், இல்லை. ஒரு தலையணையை உருவி முழங்காலுக்கு அடியில் வைத்தாள். "இப்போ?" இல்லை. ஜன்னலைத் திறந்தாள். வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். முதுகை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள். ஒவ்வொரு தரமும் முகத்துக்கு எதிரே குனிந்து கேட்டாள். ஒவ்வொரு தரமும் அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, பொய் சொல்ல மனமில்லாதவராக, இல்லை என்றார். நாத்தனார் போர்வையை எடுத்துவந்தாள். அதையும் போர்த்தி, எடுத்துப் பார்த்தார்கள்.

கடைசியில் வெண்கலம் தலையணைகளையெல்லாம் தரையில் தள்ளினாள். கட்டிலில் ஏறி, சுவருக்கும் அவருக்கும் நடுவே நுழைந்து உட்கார்ந்து, அவர் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். சலவைத் தண்ணீரில் ஊறிப்போன இரண்டு கைகளாலும் அவர் விலாவை ஏந்தினாள். அவர் மூச்சு இழுக்கும்போது தானும் இழுத்தாள், விடும்போது தானும் விட்டாள். எலும்பு எலும்பாக அவர் அவள்மேல் இறங்கினார்.

"இப்போ?" என்று அவர் காதோரம் கேட்டாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

பின்னால் இருந்ததால் அவர் உதடு அவளுக்குத் தெரியவில்லை. எதிரே நின்ற நாத்தனாருக்கு உதட்டைப் படிக்கத் தெரியாது. "ஏதோ சொல்றான்" என்றாள். "என்னன்னு தெரியல. நீ எந்திரிச்சு வந்து பாரேன்."

வெண்கலம் எழுந்திருக்கவில்லை.